மகள் கதை எழுதட்டும், கையெழுத்து மட்டும் இப்போது வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கணவருக்கு பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பானியோஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை, மகள் மூன்று வயதில் அங்கே போனவள், இப்போது பத்தாம் வகுப்பு, தமிழைவிட அந்த நாட்டு மொழி டகாலோக் சரளமாக வருகிறது, ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் செல்போன் வெளிச்சம். பாடம் படிக்கிறாள் என்று நினைத்திருக்கிறீர்கள், பார்த்தால் வாட்பேட் என்ற இணையக் கதைத் தளத்தில் தொடர்கதை எழுதுகிறாள். போன வாரம் ஒரு கதைச் செயலிக்காரர்கள் அவளுக்கு ஒப்பந்தம் வேறு அனுப்பியிருக்கிறார்கள், உங்கள் கணவர் போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துவிட்டார். இது வெறும் பைத்தியமா, இல்லை பிழைப்பாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எழுதுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். அப்புறம், வாசகர் எண்ணிக்கையைப் பார்த்து மேற்படிப்பை முடிவு செய்யாதீர்கள், அது கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி.

அவள் எழுதுகிற இடம் எப்படிப்பட்டது என்று உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் கோபம் பாதி குறையும். வாட்பேட் 2006ல் கனடாவின் டொரண்டோவில் தொடங்கியது, 2021ல் தென் கொரியாவின் நேவர் நிறுவனம் அதை 60 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. உலகத்தில் அதற்கு அதிக வாசகர்கள் உள்ள நாடுகளில் பிலிப்பைன்ஸ் ஒன்று. 2014ல் மட்டும் அங்கே வாட்பேட் கதைகள் பல சினிமாவாக வந்தன, ஒரு தொலைக்காட்சி அதே பெயரில் தொடர் வரிசையே ஓட்டியது. எழுதியவர்களில் பலர் பள்ளி, கல்லூரிப் பெண்கள். டகாலோக்கும் ஆங்கிலமும் கலந்த அன்றாடப் பேச்சில், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே வாசகர்கள் குறிப்பு எழுத, அடுத்த அத்தியாயம் எப்போது என்று நச்சரிக்க, அப்படி வளர்ந்த எழுத்து அது. இது அந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. லிவாய்வாய் என்ற வாரப் பத்திரிகை 1922லிருந்து டகாலோக்கில் தொடர்கதை போட்டிருக்கிறது. நம் பாட்டிமார் வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்தார்களே, அந்த ஆசை எல்லா ஊரிலும் உண்டு.

சரி, இப்போது உங்கள் மகளின் கதைக்கு வருகிறேன். நீங்கள் உட்கார்ந்து தமிழில் சொல்லி அனுப்பிய மூன்று அத்தியாயத்தையும் கேட்டேன். தெய்வங்களின் வாரிசுகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடம் என்ற அமைப்பு அந்த வட்டத்தில் நிறையப் பேர் எழுதுவதுதான், அதில் புதுமை இல்லை. ஆனால் அவள் யாரை ஒன்றாக உட்கார வைத்திருக்கிறாள் என்று கவனித்தீர்களா? பாதாளத்துக்குக் கொண்டுபோகப்பட்ட கிரேக்கத்துப் பெர்செபோனி, ஏர் உழுத சாலில் கிடைத்துக் கடைசியில் மண்ணுக்குள்ளேயே போன சீதை, உங்கள் வீட்டு ஜன்னலில் தெரிகிற மகிலிங் மலையின் தேவதை மரியா மகிலிங். மூன்று பேரும் மண்ணோடு சம்பந்தப்பட்ட பெண்கள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை என்கிறீர்கள். பதினாறு வயதில் மூன்று நாட்டுக் கதைக்குள் ஒரே நூலைக் கண்டுபிடிக்கிற பிள்ளையை நான் இத்தனை வருஷத்தில் அதிகம் பார்த்ததில்லை. ஒப்பிலக்கியம் என்று பல்கலைக்கழகத்தில் துறை வைத்து இதைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

அங்கே இதற்கு முன்னோடியும் உண்டு, அதுவும் பக்கத்து ஊரில். கலம்பாவில் பிறந்த ஹோசே ரிசால், அந்த நாட்டின் தேசிய நாயகர், மரியா மகிலிங் கதையை 1890ல் எழுதி வெளியிட்டார். அதற்கு முந்தைய வருஷம் லண்டன் பத்திரிகை ஒன்றில், குரங்கும் ஆமையும் பற்றிய தன் நாட்டுக் கதையை ஜப்பானியக் கதை ஒன்றோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினார். கண் மருத்துவர் அவர். மருத்துவம் படித்துக்கொண்டே நாவலும் எழுதினார். இதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், அந்த ஊரில் இத்தனை வருஷம் இருக்கிறவருக்கு ரிசால் யார் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அவளிடம் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். கிரேக்கக் கதையை அவள் ஆங்கில நாவல்களிலிருந்தும் படக்கதைகளிலிருந்தும் எடுத்திருக்கிறாள், சீதையை நீங்கள் தூங்க வைக்கச் சொன்ன கதையிலிருந்து எடுத்திருக்கிறாள், அவள் வளர்கிற நாட்டிலேயே ஒரு ராமாயணம் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. மிண்டனாவ் தீவில் லனாவ் ஏரிக்கரையில் வாழும் மரனாவ் மக்களிடம் மகராதியா லவானா என்று ஒரு கதை உண்டு. லவானா என்றால் நம் ராவணன்தான், அங்கே அவனுக்கு எட்டுத் தலை. ராமனுக்குப் பெயர் மங்கந்திரி. வில்லை முறிப்பதற்குப் பதிலாக சிப்பா என்ற பந்தைக் காலால் உதைத்து ஆடி இளவரசியை ஜெயிக்கிறான். குரங்கு வீரனுக்கு லக்சமானா என்று பெயர், அதாவது ராமனின் தம்பி லட்சுமணன் பெயர் அங்கே அனுமனுக்குப் போய்விட்டது! ஹுவான் பிரான்சிஸ்கோ என்ற பிலிப்பினோ அறிஞர் அதைப் பதிவு செய்து 1969ல் வெளியிட்டார். அந்த மரனாவ் மக்கள் இஸ்லாமியர்கள். கதை கடல் தாண்டி, மதம் தாண்டி, எத்தனையோ வாய் மாறி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. உங்கள் மகளும் கிட்டத்தட்ட அப்படிப் போய்ச் சேர்ந்தவள்தானே. இதை அவள் படிக்கும்போது முகத்தைப் பாருங்கள்.

அதே மக்களின் தராங்கென் காவியம் 17 பகுதி, 72,000 அடி, 2008ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இன்றும் கல்யாண வீட்டில் பாடுகிறார்கள். 2017ல் மராவி நகரத்துச் சண்டையில் அந்த மக்கள் வீடு வாசலை இழந்து அலைந்தார்கள் என்பதையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பெர்செபோனியை இஷ்டத்துக்கு மாற்றி எழுதினால் இன்று யார் மனதும் நோகப் போவதில்லை, உயிரோடு பாடிக்கொண்டிருக்கிறவர்களின் கதையை எடுக்கும்போது கேட்க வேண்டும், யாருடையது என்று சொல்ல வேண்டும்.

அதனால் அவளுக்கு நான் கொடுக்கும் வேலை ஒன்றுதான். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும், இந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது, யார் சொன்னது, யார் பதிவு செய்தது, நான் எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று கையால் எழுதட்டும். நாளைக்கு எந்தக் கல்லூரி நேர்காணலுக்குப் போனாலும் வாட்பேட் வாசகர் எண்ணிக்கையைவிட அந்த நோட்டு அவளுக்காக அதிகம் பேசும். பதிப்பகத்தில், விளையாட்டுக் கதை எழுதும் நிறுவனத்தில், அனிமேஷன் தொடரில், மொழிபெயர்ப்பில், எங்கே போனாலும் சம்பளம் கொடுப்பது இந்தத் தேடும் பழக்கத்துக்குத்தான். ட்ரெசே என்று மணிலாவில் 2005ல் தொடங்கிய படக்கதை, குதிரைத் தலை டிக்பாலாங், அஸ்வாங் என்று உள்ளூர்ப் பேய்களை வைத்து எழுதியது, 2021ல் நெட்ஃபிளிக்ஸில் அனிமேஷனாக வந்தது. 2025ல் பிராங்க்பர்ட் புத்தகக் கண்காட்சியில் சிறப்பு விருந்தினர் நாடே பிலிப்பைன்ஸ்தான். வாசல் திறந்துதான் இருக்கிறது. ஆனால் இணையத்தில் எழுதுகிற பெரும்பாலானவர்களுக்கு அதுவே முழு வருமானம் இல்லை, இதை நான் உங்களிடம் மறைக்க மாட்டேன், அவளிடமும் மறைக்காதீர்கள்.

இப்போது அந்த ஒப்பந்தம். இதைக் கவனமாகப் படியுங்கள். அனுப்பியவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பது இல்லை என் கவலை. பிரத்தியேக உரிமை என்று ஒரு வரி இருக்கும், கதை அவர்கள் செயலியில் மட்டும்தான் வர வேண்டும் என்று. எத்தனை வருஷத்துக்கு என்று தேடுங்கள். சினிமா, மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம் எல்லா உரிமையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். தினமும் இத்தனை சொல் எழுதியாக வேண்டும், தவறினால் பணம் கிடையாது என்றிருக்கிறதா என்று தேடுங்கள். இங்கே என்னிடம் வந்த ஒரு கல்லூரி மாணவி இப்படி ஒன்றில் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். செமஸ்டர் தேர்வு நேரத்திலும் தினம் எழுத வேண்டியிருந்தது, முடியாமல் பாதியில் விட்டாள், அந்தக் கதையை வேறு எங்கேயும் வெளியிடவும் முடியவில்லை. அவள் அழுதது பணத்துக்காக இல்லை, தன் பாத்திரங்களைத் தானே தொட முடியவில்லையே என்றுதான் அழுதாள்.

பிலிப்பைன்ஸ் சட்டப்படி 18 வயதுதான் மேஜர். அதனால் அவள் கையெழுத்து மட்டும் போதாது, உங்களிடம் வருவார்கள். அவர்கள் அவசரப்படுத்தினால் நீங்கள் நிதானமாக இருங்கள். எழுதி முடித்த நொடியிலிருந்தே பதிப்புரிமை எழுதியவருக்குத்தான், அதற்காக எந்தச் செயலியிடமும் போய்ப் பதிய வேண்டியதில்லை. எல்லா அத்தியாயத்தையும் தேதியோடு வீட்டுக் கணினியில் ஒரு பிரதி வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, பழைய புராணம் எல்லோருக்கும் பொது, ஆனால் சமீபத்தில் ஒரு நாவலாசிரியர் அதில் கற்பனையாகச் சேர்த்த பாத்திரமோ சம்பவமோ அவருக்குச் சொந்தம். நான் சொன்ன நோட்டு இதற்கும் உதவும்.

படிப்பு விஷயத்தில் உங்கள் குடும்பத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, கடிதத்தில் நீங்கள் அதைத் தொடவே இல்லை. நீங்கள் இந்தியக் குடியுரிமை. 2017ல் வந்த இலவச உயர்கல்விச் சட்டம் அந்த நாட்டுக் குடிமக்களுக்குத்தான். அங்கே வேலை பார்க்க வேண்டுமென்றாலும் வெளிநாட்டவருக்குத் தனி அனுமதி வேண்டும். கணவரின் பணி ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்புவீர்கள். ஆகவே இரண்டு நாட்டிலும் செல்லுகிற பட்டமாக இருக்க வேண்டும், அந்த நாட்டுப் பட்டத்தை இந்தியப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கும் சமன்மைச் சான்று விஷயத்தைச் சேர்வதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

பதினொன்றாம் வகுப்புக்கு ஸ்டெம், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பிரிவு எடுக்கச் சொல்கிறார் உங்கள் கணவர், இலக்கியமும் சமூக அறிவியலும் உள்ள கலைப் பிரிவு எடுக்கிறேன் என்கிறாள் மகள். இந்தப் பழைய பிரிவுகளைத் தளர்த்தி விருப்பப் பாடங்களாக மாற்றும் வேலை அங்கே 2025ல் தொடங்கியிருக்கிறது, உங்கள் பள்ளி எந்த முறையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கலந்து எடுக்க முடிந்தால் எழுத்துப் பாடங்களோடு கணிதமும் ஒரு அறிவியலும் இருக்கட்டும், நல்ல மதிப்பெண் வாங்குகிறவள்தான், கதவை மூட வேண்டாம். கலக்க முடியாது என்றால் அவள் கேட்பதைக் கொடுங்கள்.

பட்டத்துக்கு, நீங்கள் அங்கேயே இருப்பதானால் என் முதல் தேர்வு லாஸ் பானியோஸிலேயே உள்ள பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம். அங்கே வளர்ச்சித் தொடர்பியல் என்ற படிப்பு பெயர் பெற்றது. விவசாயம், அறிவியல், சுகாதாரம் இதையெல்லாம் மக்களுக்குப் புரிகிற மொழியில் கொண்டுபோகச் சொல்லித் தருவார்கள், எழுதத் தெரிந்த பிள்ளைக்கு வேலை கிடைக்கும், அப்பாவின் நெல்லும் மகளின் எழுத்தும் சண்டை போட வேண்டியதில்லை. முழுக்க இலக்கியம்தான் என்றால் அதே பல்கலைக்கழகத்தின் திலிமான் வளாகத்தில் படைப்பெழுத்துப் பட்டம் ஆங்கிலத்திலும் பிலிப்பினோவிலும் உண்டு. வெளிநாட்டு மாணவர்களுக்கான விதியைச் சேர்க்கை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தியா திரும்புவதானால் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் ஒப்பிலக்கியத் துறையைப் பாருங்கள், 1956ல் தொடங்கியது, நாட்டிலேயே இதற்கு முதல் துறை. முதுகலைக்குப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் இருக்கிறது, ஆனால் அது இன்னும் ஐந்தாறு வருஷத்துப் பேச்சு.

போனை இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். ராத்திரி பத்து மணிக்குக் கூடத்தில் வைத்துவிட வேண்டும் என்று ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் என்ற பேரில் முகம் தெரியாத யாராவது தனியாகப் பேசக் கூப்பிட்டால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றும் சொல்லுங்கள், மிரட்டாமல். கதையை இனி அவளே உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும், வாரம் ஒரு அத்தியாயம். அவள் தமிழும் தேறும்.

ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும், குறிப்பாகக் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கிற பின்னிணைப்பையும் எனக்கு அனுப்புங்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் வக்கீலிடம் எந்த வரியைக் கேட்க வேண்டும் என்று கோடு போட்டுத் தருகிறேன். லவானாவைப் படித்துவிட்டு அவள் நான்காவது அத்தியாயம் எழுதினால் அதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், பந்து உதைத்து ஜெயித்த ராமனை அவளுடைய சீதை என்ன கேட்கப் போகிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருக்கிறது.