பி.எஸ்.ஏ. இறங்கிவிட்டது, குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. புரஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியதால் அபிரட்டரோன் குளிசை எடுக்கிறார். நோயின் போக்கைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவான பி.எஸ்.ஏ. 40இலிருந்து 15க்கு இறங்கிவிட்டது. குளிசையை விட்டுவிட்டு எடுத்தால் நோய் நெடுங்காலம் அடங்கியிருக்குமாம் என்று கனடாவிலுள்ள சித்தப்பா சொல்கிறார். நிறுத்திப் பார்க்கலாமா?
– வாசகர், கோப்பாய்

பதில்: நீங்களாக ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். சித்தப்பா சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான் அவர் காதுக்கு எட்டியிருக்கிறது.

உங்கள் ஊர்க் கோவாத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு வாரந்தவறாமல் மருந்தடித்தால், சாகக்கூடிய புழுக்கள் செத்துவிடும். மருந்துக்கு மசியாதவை போட்டியின்றிப் பெருகி இலையைச் சல்லடையாக்கும். அமெரிக்காவின் மொஃபிட் புற்றுநோய் மையத்தில் ரொபர்ட் கேட்டன்பி என்ற ஆய்வாளர் இந்தப் பூச்சியிடமிருந்தே பாடம் எடுத்தார்.

அவருடைய குழு கட்டியின் கலங்களை மூன்று வகையாகக் கணக்கிட்டது. ஒன்று டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹோர்மோனைத் தானே சுரக்கும். இன்னொன்று பிறர் சுரப்பதை வாங்கிப் பிழைக்கும். மூன்றாவதற்கு அந்த ஹோர்மோனே வேண்டாம். ஹோர்மோன் சுரப்பதைத் தடுக்கும் அபிரட்டரோன் அதை ஒன்றும் செய்யாது. முதலிரண்டையும் அடியோடு ஒழித்தால் இடமெல்லாம் மூன்றாவதற்குத்தான். இந்த ஒத்தாசையையும் போட்டியையும் அளக்க உதவுவது பரிணாம ஆட்டக் கோட்பாடு. 1973இல் மேனார்ட் ஸ்மித், பிரைஸ் என்ற ஆய்வாளர்கள் விலங்குகளின் சண்டையை விளக்கப் பயன்படுத்திய கணிதம் அது.

கேட்டன்பி குழு நோயாளரிடம் நடத்திய சோதனையில், பி.எஸ்.ஏ. தொடக்க அளவின் பாதிக்கு இறங்கியதும் அபிரட்டரோனை நிறுத்தினார்கள். பழைய அளவுக்கு ஏறியதும் திரும்பக் கொடுத்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, நோய் மறுபடி முன்னேறும்வரை சென்ற காலம் இடைநிலையாக 33.5 மாதங்கள், வழமைச் சிகிச்சையில் 14.3. எனக்கும் இது பெரிய நம்பிக்கை தருகிறது. ஆனால் இப்படிச் சிகிச்சை பெற்றவர்கள் 17 பேர், ஒப்பிடப்பட்டவர்கள் 16 பேர். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்களும் அல்லர். குளிசை நின்ற காலத்திலும் ஹோர்மோனைக் குறைக்கும் மற்றைய சிகிச்சை தொடர்ந்தது. இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தவணை தவறவில்லை. சித்தப்பா சொல்லாமல் விட்டது இதைத்தான்.

இன்னொன்று: அபிரட்டரோனுடன் தரும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழ நேரலாம்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, சிகிச்சைக்கு முந்தியது தொடக்கம் எல்லா பி.எஸ்.ஏ. அளவுகளையும் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுபோங்கள். விட்டுவிட்டுக் கொடுக்கும் முறை அப்பாவுக்குப் பொருந்துமா என்று வைத்தியரிடம் நேரே கேளுங்கள். குளிசைச் செலவு தாங்கவில்லையென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.