ஹெட்லைட் மங்கினால் பெரிய பல்ப் போடலாமா?

கேள்வி: அண்ணே, என் டூரிங் பைக்கில் எச்4 ஹாலோஜன் ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. ராத்திரி ஆரல்வாய்மொழி வழியாக வரும்போது ரோடே சரியாகத் தெரியவில்லை. 100/90 வாட் பல்ப் போடச் சொல்கிறார்கள். நானே மாற்றலாமா?
- வாசகர், குளச்சல்

பதில்: தாராளமாக நீங்களே மாற்றலாம் தம்பி, ஆனால் அந்த 100/90 வேண்டவே வேண்டாம். உங்கள் வண்டிக்கு உரியது 60/55 வாட், அதாவது தூரம் காட்டும் ஹை பீமுக்கு 60, கீழே விழும் லோ பீமுக்கு 55. அதற்கென்று போட்ட வயரும் ஹோல்டரும் கூடுதல் சூட்டில் உருகிவிடும், எதிரே வருகிறவருக்கும் கண் கூசும்.

கழற்றுவதற்கு முன் வண்டியைச் சுவருக்கு நேரே நிறுத்தி, லோ பீம் விழும் உயரத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். சாவியை எடுத்துவிட்டு, பல்ப் ஆறட்டும். மூன்று பின் கனெக்டரை உருவி, ரப்பர் மூடியை விலக்கி, கம்பிக் கிளிப்பைத் தள்ளினால் பல்ப் கையோடு வந்துவிடும். புதிய பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகச் சூடாகி பல்ப் சீக்கிரம் போய்விடும்.

அப்புறம் முக்கியமான விஷயம்: நீங்கள் கடலோரத்தில் இருக்கிறீர்கள். உப்புக்காற்றில் கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருந்தால் மின்சாரம் முழுதாகப் போகாது, அதனாலேயே வெளிச்சம் மங்கும். எனக்கு முதல் சந்தேகமே அதில்தான். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு, எர்த் வயரையும் பாருங்கள். ரப்பர் மூடியை இறுக்கமாகப் பொருத்துங்கள், இல்லாவிட்டால் ஆனி ஆடி மழையில் உள்ளே ஈரம் கோத்து, வெளிச்சத்தை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்டர் கறுத்துவிடும். அது கறுத்துவிட்டால் மட்டும் முழு ஹெட்லைட்டையும் மாற்ற வேண்டும். கடைசியில் அதே சுவர்க் குறியில் பீமைச் சரிபாருங்கள்.