ஏதென்ஸ் விருந்துக் காட்சியில் மேசைமேல் என்ன வைக்கலாம்?

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் சாக்ரடீஸைப் பற்றிய நாடகம் ஒன்றை மாணவர்கள் நடிக்கிறார்கள். நண்பர்கள் கூடி இரவு உணவு உண்ணும் காட்சிக்குத் தக்காளி, எலுமிச்சை, வறுத்த கோழி, கண்ணாடிக் கோப்பைகளில் திராட்சைச் சாறு ஆகியவற்றை வைக்க எண்ணியுள்ளோம். இது பொருந்துமா?

பதில்: தக்காளியை முதலில் எடுத்துவிடுங்கள். அதுவும் உருளைக்கிழங்கும் மிளகாயும் 1492-க்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தவை. சாக்ரடீஸ் இறந்ததோ கி.மு. 399-இல். எலுமிச்சையும் அக்கால ஏதென்ஸ் சமையலில் இல்லை. புளிப்புக்கு வினிகரும் இனிப்புக்குத் தேனும் பயன்பட்டன. நம் மிளகு கிரேக்க மருத்துவ நூல்களில் மருந்தாகவே இடம்பெறுகிறது. ஆகவே அதையும் தூவ வேண்டாம். கோழி அன்று இருந்தது என்றாலும், இறைச்சி பெரும்பாலும் தெய்வங்களுக்குப் பலியிட்ட நாட்களில்தான் கிடைத்தது என்பதால், அதை மேசையின் நடுவில் வைப்பது தவறான எண்ணத்தைத் தரும்.

நடுவில் இருக்க வேண்டியது தானியம். ஏதென்ஸைச் சுற்றியுள்ள வறண்ட அட்டிகா நிலத்தில் கோதுமையைவிடப் பார்லி நன்றாக விளைந்தது. கோதுமையில் பெரும்பங்கு கருங்கடல் பகுதி போன்ற தொலைவிடங்களிலிருந்து கப்பலில் வந்தது. வறுத்து அரைத்த பார்லி மாவைத் தண்ணீரோ எண்ணெயோ சேர்த்துப் பிசைந்து உருட்டிய 'மாசா' அன்றாட உணவு. அடுப்பே தேவைப்படாததால் உங்கள் மாணவர்களே இதைச் செய்துவிடலாம். ஆலிவ், ஆட்டுப்பாலாடைக்கட்டி, வெங்காயம், பூண்டு, பருப்புக் கூழ், சிறு மீன்கள் ஆகியவை, சோற்றுக்குத் தொடுகறி போல, இதற்குத் துணை. இந்த அளவு முறையை மீறுவது இழுக்காகக் கருதப்பட்டது: ரொட்டியைத் தொடாமல் துணைப்பண்டத்தையே தின்ற ஓர் இளைஞனைச் சாக்ரடீஸ் கிண்டல் செய்ததாக அவருடைய மாணவர் செனபோன் எழுதியிருக்கிறார். நாடகத்தில் சேர்க்க இதைவிட நல்ல வேடிக்கை கிடைக்காது.

முள்கரண்டி வைக்காதீர்கள். விருந்தினர் நீண்ட மஞ்சங்களில் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்து, வலது கையால் உண்டார்கள். கையைத் துடைக்க ரொட்டித் துண்டே உதவியது, அது பிறகு நாய்க்குப் போயிற்று. மஞ்சத்துக்கு முன்னால் தாழ்வான சிறு மேசை ஒன்று போதும். இத்தகைய விருந்தில் குடும்பப் பெண்கள் கலந்துகொள்வதில்லை. மாணவியரும் நடிப்பதானால் அவர்களுக்கு ஆண் வேடமோ, வாடகைக்கு அமர்த்தப்பட்ட குழலிசைக்காரியின் வேடமோ கொடுக்கலாம்.

உண்டு முடித்த பிறகே குடி தொடங்கியது என்பதை மறந்துவிட வேண்டாம். மேசைகளை அகற்றி, கைகழுவி, தெய்வத்துக்குச் சிறிது மதுவைச் சிந்திய பின், 'கிராட்டர்' என்னும் பெரிய கலத்தில் மதுவுடன் தண்ணீரைக் கலந்தார்கள். கலப்பில் தண்ணீரே பெரும்பாலும் மிகுதி, ஒரு பங்கு மதுவுக்கு மூன்று பங்கு தண்ணீர் என்ற அளவும் வழங்கியது. கலக்காமல் குடிப்பது நாகரிகமற்றவர் வழக்கம் என்று அவர்கள் எண்ணினார்கள். திராட்சைச் சாற்றை மேடையிலேயே இப்படிக் கலக்கச் செய்து, ஒரு சிறுவன் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டு சுற்றிவரட்டும். கண்ணாடிக் கோப்பைக்கு மாற்றாக, இரு பக்கமும் கைப்பிடி வைத்த அகன்ற, ஆழமற்ற மண்கிண்ணங்களைக் குயவரிடம் செய்யச் சொல்லிக் கருநிறம் பூசிக்கொள்ளுங்கள்.