உலையில் பிறந்த கரியும் டயரிலிருந்து மீண்ட கரியும்: கேள்வி பதில்

ரப்பர் கலவைக் கூடத்திலும் அதை ஒட்டிய ஆய்வகத்திலும் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. ரப்பருக்கு வலுவூட்டச் சேர்க்கும் கார்பன் பிளாக் என்னும் கரித்தூளைப் பற்றி, அந்த அனுபவத்துக்குள் அடங்கும் கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். விலை நிலவரம், விற்பவர் முகவரி ஆகியவற்றைக் கேட்க வேண்டாம்.

கேள்வி: கார்பன் பிளாக் என்பது விளக்குக் கரிதானே? அதற்கு ஏன் அவ்வளவு பெரிய ஆலை?

அகல் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி பிடித்த நம் பாட்டிமாரும், போதிய காற்றுக் கிடைக்காமல் எண்ணெயை அரைகுறையாக எரிய விடும் இதே தத்துவத்தைத்தான் கையாண்டார்கள். ஆலை கூடுதலாகச் செய்வது கட்டுப்பாடு. முதலில் எரிபொருளை முன்சூடேற்றிய காற்றில் எரித்து, ஏறக்குறைய 1,400 முதல் 1,900 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமுள்ள வாயு ஓட்டத்தை உலைக்குள் உண்டாக்குகிறார்கள். பெட்ரோலியச் சுத்திகரிப்பில் அடியில் தங்கும் கனத்த எண்ணெயையோ, நிலக்கரித் தாரிலிருந்து வடித்த எண்ணெயையோ அதற்குள் பீய்ச்சி, மில்லிநொடிக் கணக்கில் அது சிதைந்து கரித்துகளாகும்போதே நீரைத் தெளித்து வினையை நிறுத்திவிடுகிறார்கள். வெப்பம் கூடினால் துகள் சிறுக்கும். பொட்டாசியம் உப்பைச் சிறிதளவு சேர்த்தால் துகள்கள் கிளைவிட்டு இணைவது குறையும். பின்னர் வடிகட்டிப் பைகளில் சேரும் பஞ்சு போன்ற தூளை நீருடன் பிசைந்து சிறு மணிகளாக்கி உலர்த்துகிறார்கள். மிஞ்சும் வாயுவில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் இருப்பதால், அதை எரித்து நீராவியும் மின்சாரமும் எடுப்பது வழக்கம். கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் இத்தகைய ஆலைகள் உள்ளன.

கேள்வி: கார்பன் பிளாக் தரங்களுக்கு இடும் என்330, என்660 என்ற எண்களுக்கு என்ன பொருள்?

‘என்’ என்பது ரப்பரின் வல்கனைசேஷன் (கந்தகத்துடன் சூடாக்கி இறுகச் செய்வது) வேகம் இயல்பாக இருக்கும் என்பதற்கான அடையாளம். முதல் இலக்கம் மேற்பரப்பின் அளவைக் காட்டும். அந்த இலக்கம் சிறிதாக இருந்தால் துகளும் சிறிது. மற்ற இரண்டு இலக்கங்கள் வெறும் பெயர்தான். டயரின் தரை தொடும் பகுதிக்கு என்220, என்330 போன்றவையும், உட்பகுதிகளுக்கு என்550, என்660 போன்றவையும் செல்லும்.

கேள்வி: டயர் கருப்பாக இருப்பது அழுக்குத் தெரியாமல் இருக்கவா?

இல்லை. வலுவுக்கும் தேய்மானத்தைத் தாங்குவதற்கும் கார்பன் பிளாக்கைச் சேர்க்கிறார்கள். நிறம் கூடவே வந்தது. துத்தநாக ஆக்சைடு கலந்த தொடக்ககால டயர்கள் வெளிறியே இருந்தன.

கேள்வி: பழைய டயரைப் பைராலிசிஸ் செய்து கிடைக்கும் கரியை நன்றாக அரைத்தால் அதுவும் கார்பன் பிளாக்தானே? என்330-க்கு ஈடு என்று சொல்லி எனக்குக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். நான் தரைவிரிப்பும் வாகனங்களின் இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளையான புஷ்ஷும் செய்கிறேன்.

ஆக்சிஜன் இல்லாத கலனில் டயரைச் சுமார் 400 முதல் 600 டிகிரி வரை சூடாக்கினால் எண்ணெய், வாயு, இரும்புக் கம்பி ஆகியவை பிரிந்து, கரி தங்குகிறது. அந்தக் கரியில் டயருக்குள் முன்பு சேர்த்த பல தரக் கார்பன் பிளாக்குகளும் கலந்தே கிடக்கும். சிலிக்காவும் துத்தநாகச் சேர்மங்களும் எங்கும் போய்விடாமல் அதிலேயே தங்கும். ரப்பர் சிதைந்து உண்டான கரிப்படிவு துகளின் மேல் பூச்சாகப் படியும். உலைக் கார்பன் பிளாக்கில் சாம்பல், அதாவது எரித்தாலும் மிஞ்சும் கனிமம், பொதுவாக 1 விழுக்காட்டுக்கும் கீழ். டயர்க் கரியில் 15, 20 விழுக்காடு வரை இருப்பது சாதாரணம். உங்கள் கலவையில் 100 பங்கு ரப்பருக்கு 50 பங்கு என்330 இடுகிறீர்கள் என்றால், 18 விழுக்காடு சாம்பலுள்ள கரியை அதே அளவு இடும்போது 9 பங்கு கனிமத் தூளுக்குப் பணம் கொடுக்கிறீர்கள்.

ஆகவே சாம்பல் பார்க்காமல் ஒரு மூட்டைகூட வாங்காதீர்கள்.

அதே அன்பர்: விற்பவர், மேற்பரப்பின் அளவைக் காட்டும் அயோடின் எண் 80-க்கு மேல் என்று சான்றிதழ் காட்டுகிறார். அது என்330-இன் எண்தானே? மேலும், ஜெட் மில் என்னும் காற்றுவேக அரைவையில் மைக்ரான் அளவுக்கு அரைத்தது என்கிறார்.

என்330-க்கு இலக்கு எண் 82 என்பது சரி. ஆனால் அந்தச் சோதனை உலைக் கார்பன் பிளாக்கை மனத்தில் வைத்து வகுத்தது. மேற்பரப்பில் எண்ணெய் எச்சம் ஒட்டியிருந்தாலே எண் பிறழும். மைக்ரான் பெருமையும் உதவாது. ஒரு மைக்ரான் என்பது 1,000 நானோமீட்டர், என்330-இன் அடிப்படைத் துகளோ 30 நானோமீட்டர் அளவினது. அத்துகள்கள் உலையிலேயே கருவேல முள்ளைப் போலக் கிளைத்து இணைந்துவிடுகின்றன, அந்தக் கிளைகளுக்கிடையே ரப்பர் சிக்கிக்கொள்வதுதான் வலு. அரைப்பது கட்டிகளை உடைக்குமே தவிர, கரிப்படிவை உரித்தெடுக்காது, சிலிக்காவையும் வெளியேற்றாது.

மற்றொருவர்: அப்படியானால் மீட்டெடுத்த கார்பன் பிளாக் முழுவதுமே ஏமாற்றா? பெரிய டயர் நிறுவனங்களே பயன்படுத்துகின்றனவே.

ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. டயர்களை வகை பிரித்து, வெப்பத்தைச் சீராக வைத்து, அரைத்து மணியாக்கித் தரும் ஆலைகளின் சரக்கு நல்ல சரக்கு. அதை என்660 போன்ற தரங்களுக்குப் பதிலாக ஒரு பங்கு சேர்க்கலாம். இதற்கென்றே, சோதனை முறைகளையும் தரங்களையும் வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பு 2017-இல் தனிக் குழு அமைத்தது. நம் நாட்டின் 2022 கழிவு டயர் விதிகளும் மீட்டெடுத்த கார்பன் பிளாக்கையும் வெறும் கரியையும் தனித்தனியாகத்தான் குறிப்பிடுகின்றன. இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டி விற்பதுதான் என் ஆட்சேபம்.

கேள்வி: ஒரு டன் டயருக்கு எவ்வளவு கரி கிடைக்கும்?

350 முதல் 400 கிலோ.

கேள்வி: 10 டன் டயர் போட்டால்?

மேலுள்ள விடையைப் பத்தால் பெருக்கவும்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் சிறிய பைராலிசிஸ் கலன் வைக்கலாமா?

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் தொடவே கூடாது. கரி முழுதும் ஆறுமுன் கதவைத் திறந்தால் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும்.

கேள்வி: கார்பன் பிளாக் புற்றுநோய் உண்டாக்குமா? எனக்கு இருமல் இருக்கிறது.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் 2பி பிரிவில் வைத்துள்ளது. தூசி பறக்கும் இடத்தில் முகக்கவசமும் உறிஞ்சு குழாயும் கட்டாயம். உங்கள் இருமலுக்கு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எச்டிபிஇ (கெட்டி பாலிஎத்திலீன்) குடிநீர்க் குழாய்க்கு எவ்வளவு சேர்க்க வேண்டும்? டயர்க் கரி சேர்க்கலாமா?

இக்குழாய்க்கான இந்தியத் தரம் ஐஎஸ் 4984 கேட்பது 2.5 விழுக்காடு, அரை விழுக்காடு கூடலாம் அல்லது குறையலாம். வெயிலைத் தடுப்பது மிக நுண்ணிய துகள் சீராகப் பரவுவதால்தான். டயர்க் கரி கூடாது. சாம்பலைப் பற்றி மேலே மூன்று முறை எழுதிவிட்டேன்.

புஷ் செய்யும் அன்பர், இரண்டு நாள் கழித்து: 2 கிராம் கரியைக் குரூசிபிளில் (சூடு தாங்கும் கிண்ணம்) இட்டு, மஃபிள் உலை என்னும் ஆய்வக மின் உலையில் 550 டிகிரியில் இரவு முழுவதும் வைத்தேன். வெளிறிய சாம்பல் தூள் 0.35 கிராம் மிஞ்சியது.

17.5 விழுக்காடு. இனி அதே கரியைச் சிறிது டொலுயீனில் குலுக்கி வடிகட்டி, வடிநீரை வெள்ளைத் தாளுக்கு முன் பிடித்துப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் எண்ணெய் எச்சம் இருக்கிறது, சரக்கைத் திருப்பிவிடுங்கள். டொலுயீன் எளிதில் தீப்பற்றும் என்பதால் உலைக்கு அருகில் வேண்டாம். தெளிவாக இருந்தால், தரைவிரிப்புக் கலவையில் 50 பங்கில் 10 பங்கை மட்டும் மாற்றி, இழுவிசையையும் தேய்மானத்தையும் பழைய பேட்ச்சுடன் ஒப்பிடுங்கள். புஷ்ஷில் என்330 அப்படியே இருக்கட்டும். அடுத்த லாரி வரும்போது அதிலிருந்தும் 2 கிராம் எடுத்து உலையில் வையுங்கள்.