மலையக வீதிகளில் ஏ-ஸ்டார் ஏன் டைக்ஸ்ட்ராவை முந்தவில்லை?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா வீதிகளை வலையமைப்பாக்கி, மிகக் குறுகிய பாதையைத் தேடும் டைக்ஸ்ட்ரா, ஏ-ஸ்டார் என்ற இரு முறைகளையும் ஓட்டிப் பார்த்ததில் ஏ-ஸ்டார் சொல்லும்படியான வேகம் காட்டவில்லை, நிரலில் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் குற்றம் நிரலில் அல்ல, மலையில்.

1959இல் வெளியான டைக்ஸ்ட்ராவின் முறை, தொடக்கத்திலிருந்து செலவு குறைந்த கணுக்களை, அதாவது வலையமைப்பின் சந்திப்புப் புள்ளிகளை, எல்லாத் திசைகளிலும் திறந்து ஆராய்ந்துகொண்டே போகும். 1968இல் வந்த ஏ-ஸ்டார், இலக்குக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்ற ஊகத்தையும் கூட்டிக்கொள்ளும். அந்த ஊகம் உண்மைத் தூரத்தை மிஞ்சாதவரை விடை சரியாகவே இருக்கும். நீங்கள் எடுத்த ஊகம் நேர்கோட்டுத் தூரம். எதிர்மலை லயம் கண்ணுக்கெதிரே தெரியும், கூப்பிட்டால் கேட்கவும் கேட்கும். வண்டியோ பள்ளத்தில் இறங்கி, பாலம் கடந்து, வளைந்து வளைந்து ஏறித்தான் சேர வேண்டும். ஊகம் இவ்வளவு தாழ்ந்துபோனால், டைக்ஸ்ட்ரா திறக்கும் கணுக்களில் பெரும்பகுதியை ஏ-ஸ்டாரும் திறக்க நேரிடுகிறது.

ஊகத்தை 1.5ஆல் பெருக்கினால் பெரும்பாலும் வேகம் கூடும். ஆனால் கிடைக்கும் பாதை, மிகக் குறுகியதைப்போல் 1.5 மடங்கு வரை நீளலாம். சில அடையாளக் கணுக்களிலிருந்து உண்மையான வீதித் தூரங்களை முன்கூட்டியே கணித்து, முக்கோணச் சமனிலியால் (ஒரு பக்கம் மற்ற இரண்டின் கூட்டலை மிஞ்சாது என்ற விதியால்) ஊகம் அமைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

ஒப்பிடும்போது மில்லிசெக்கன்களை மட்டும் நம்பாமல், ஒரே புள்ளிச் சோடிகளுக்குத் திறக்கப்பட்ட கணுக்களை எண்ணுங்கள். தூரத்துக்குப் பதிலாக மின்சார முச்சக்கரவண்டியின் சக்திச் செலவை வீதிகளின் எடைகளாக்கினாலோ, இறக்கத்தில் மின்கலம் மீள ஏறுவதால் மறை எடைகள் (பூச்சியத்துக்குக் குறைந்தவை) வரும். அங்கே டைக்ஸ்ட்ரா தவறான விடை தரக்கூடும் என்பதால், மறை எடைகளையும் கையாளும் பெல்மன்-ஃபோர்ட் முறைக்கு மாறுங்கள்.