வரலாற்றுப் புதினத்துக்கு வால்டர் ஸ்காட் செய்தது என்ன?

வரலாற்றுப் புதினம் என்பது, கடந்துபோன ஒரு மெய்யான காலத்தைக் களமாக்கி, அதில் கற்பனை மாந்தரையும் வாழ்ந்து மறைந்தவர்களையும் சேர்த்து உலவவிடும் கதை. ஸ்காட்லாந்தின் வால்டர் ஸ்காட் 1814-இல் தம் பெயரை மறைத்து வெளியிட்ட 'வேவர்லி', 1745-இல், முன்பு பிரிட்டனை ஆண்ட ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்ற எழுந்த கிளர்ச்சியைச் சொல்கிறது. ஆனால் அதன் நாயகன், அக்கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸ் அல்லர். அரசுப் படையிலிருந்து கிளர்ச்சியாளர் பக்கம் சாய்ந்து, இரண்டுக்கும் நடுவே தத்தளிக்கும் சாதாரண ஆங்கில இளைஞன் ஒருவன்.

ஸ்காட்டின் சாமர்த்தியமே இந்தத் தேர்வுதான் என்பேன். இளவரசரின் முடிவு ஏற்கெனவே ஏட்டில் ஏறிவிட்டதால் ஆசிரியர் அதை வளைக்க முடியாது. கற்பனை நாயகனோ எந்த முகாமுக்குள்ளும் நுழையலாம், அவனுக்கு என்ன நேரும் என்பதும் வாசகருக்குத் தெரியாது. தேர் தனக்குரிய வீதியில்தான் ஓடும், கூட்டத்தில் வருபவன் எந்தச் சந்திலும் புகுந்து வெளிவரலாம் என்பதைப் போன்றது இது. அவன் கண்வழியே மலைநாட்டுக் குலத்தலைவர்களின் விருந்தும் விசுவாசமும் பேச்சும் வெறும் அலங்காரமாக நில்லாமல், அவர்கள் ஏன் போருக்குப் போனார்கள் என்பதையே விளக்குகின்றன.

இவ்வகையை எழுதிய முதல் ஆள் ஸ்காட் என்று பலர் நினைப்பது சரியன்று; ஜேன் போர்ட்டர் என்ற எழுத்தாளர் 1810-இலேயே, ஸ்காட்லாந்தின் விடுதலைப் போர்வீரர் வில்லியம் வாலஸைப் பற்றி ஒரு வரலாற்றுப் புதினம் வெளியிட்டிருந்தார்.