பழைய டிராக்டரில் பிஸ்டன் ஜாம் ஆனால் எப்படி விடுவிப்பது?
பல வருஷம் ஓடாமல் நின்ற டிராக்டரில் பிஸ்டன் ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) ஸ்லீவும் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உள்குழாய்) துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு, இன்ஜின் சுற்றாமல் போவதைத்தான் ஜாம் என்கிறோம். நிற்கும் இன்ஜினில் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தே இருக்கும். சைலன்சர் வழியாக மழைத்தண்ணீர் அதில் இறங்கிவிடும். இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிக்கும், அதனால்தான் இடுக்கு இறுகுகிறது, மழையில் கிடந்த பூட்டு சாவிக்குத் திரும்பாத மாதிரி. பூட்டுக்கு எண்ணெய் விட்டு ஊறவைப்போம் இல்லையா, இங்கேயும் அதேதான். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனுக்கு மேலே ஸ்லீவில் தெரியும் துருவை எமரி பேப்பரால் தேய்த்துத் துடைத்துவிட்டு, டீசலும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் பொறுங்கள். அப்புறம் பிஸ்டன் மேல் மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் மயிரிழை அசைந்தால் போதும், முன்னும் பின்னும் ஆட்டியே விடுவிக்கலாம். கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுத்தால் விட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அதில் பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளையத்தான் வாய்ப்பு அதிகம்.